கண்மாய்க்காக அலையும் மகள்: தடுப்பதா, விடுவதா?

கேள்வி: மேடம், எங்களுக்குச் சிவகங்கை மாவட்டத்தில் ஒரு கிராமம். நான் மின்வாரியத்தில் வேலை பார்க்கிறேன். மூத்த மகளுக்கு 19 வயது, பி.எஸ்சி. தாவரவியல் இரண்டாம் வருடம். எங்கள் ஊர்க் கண்மாயில் ராத்திரி நேரத்தில் கோழிக்கழிவை மூட்டை மூட்டையாகக் கொண்டுவந்து கொட்டுகிறார்கள். நான் நீச்சல் பழகிய கண்மாய் அது. இப்போது கரைப்பக்கம் போனால் மூக்கைப் பொத்திக்கொண்டுதான் போக வேண்டும். போன வருடத்தில் இருந்து மகளும் அவள் சேர்த்த ஆறு பேருமாக ஏழு பேர் இதற்காக அலைகிறார்கள். ஊராட்சி அலுவலகத்தில் மனு கொடுத்தாள். வீடியோ எடுத்து இன்ஸ்டாகிராமில் போட்டாள். அதில் ஒரு கடையின் பெயர்ப்பலகை தெரிந்துவிட்டது. ஊரில் செல்வாக்குள்ள ஒருவர் டீக்கடையில் என்னைப் பார்த்து, "உங்க பிள்ளையக் கொஞ்சம் பாத்துக்கங்க" என்றார். அன்றைக்கு வீட்டுக்குப் போனதும் அவள் போனைப் பிடுங்கி வைத்துவிட்டேன். "இந்த ஊர் திருந்தாது, நீ படிக்கிற வேலையப் பாரு" என்று கத்தினேன். பதினேழு நாளாயிற்று. கல்லூரிக்குப் போகிறாள், வருகிறாள், என்னோடு பேசுவதில்லை. அடுப்படியில் நின்றபடியே சாப்பிட்டுவிட்டுப் போகிறாள். என் அம்மா, சீக்கிரம் ஒரு மாப்பிள்ளை பாரு என்கிறார். நாளைக்குக் கேஸ் என்று வந்தால் அவள் எதிர்காலம் என்ன ஆகும்? தடுப்பதா, விடுவதா?

பதில்:

அன்புள்ள ஐயா,

உங்கள் கடிதத்தைப் பல முறை படித்தேன். பதினேழு நாள் என்று எண்ணி எழுதியிருக்கிறீர்கள். ஒவ்வொரு நாளும் உங்களுக்குக் கனத்திருக்கிறது. அவளுக்கும் கனத்துக்கொண்டுதான் இருக்கும்.

முதலில் போனைத் திருப்பிக் கொடுத்துவிடுங்கள். நிபந்தனை எதுவும் வேண்டாம். 19 வயதுப் பெண்ணின் போனைப் பிடுங்கினால், அவள் வீடியோ போடுவது நிற்காது. தோழியின் போனில் இருந்து போடுவாள், உங்களிடம் சொல்ல மாட்டாள். ஆபத்து என்று ஒன்று வந்தால் முதலில் கூப்பிட வேண்டிய ஆள் நீங்கள். அந்த வழியைத்தான் நீங்களே அடைத்து வைத்திருக்கிறீர்கள்.

போனைவிட அவளை அதிகம் வலித்திருக்கக்கூடியது நீங்கள் சொன்ன அந்த வாக்கியம்: "இந்த ஊர் திருந்தாது." கல்லூரி மாணவர்களோடு இருபது வருடத்துக்கு மேலாக ஆலோசகராக இருக்கிறேன். பொதுக்காரியத்தில் இறங்கிய பிள்ளைகள் என் அறைக்கு வந்து அழுவது பெரும்பாலும் எதிராளி திட்டியதற்காக இருப்பதில்லை. தான் மதிக்கிற ஒருவர் "இதெல்லாம் வேலைக்காகாது" என்று சொன்னதற்காகத்தான் அழுகிறார்கள். எரிக் எரிக்சன் என்ற உளவியலாளர், வளரிளம் பருவம் நல்லபடியாகக் கடந்தால் மனிதருக்குக் கிடைக்கிற பலம் பற்றுறுதி என்றார். எதையாவது நம்பி, அதற்காக நிற்க முடிகிற குணம். 'நான் யார்' என்ற கேள்விக்கு இந்த வயதில் விடை தேடுகிறவர்கள், 'நான் எதற்காக நிற்கிறேன்' என்பதில் இருந்துதான் அதை எடுக்கிறார்கள். உங்கள் மகள் கண்மாயில் இருந்து எடுத்துக்கொண்டிருக்கிறாள். நீங்கள் ஊரைப் பற்றித்தான் சொன்னீர்கள். அவளுக்கு அது தன்னைப் பற்றிச் சொன்னதாகக் கேட்டிருக்கும்.

இன்னொன்றும் யோசித்துப் பாருங்கள். அந்தக் கண்மாயில் நீங்கள் நீச்சல் பழகியதை அவளிடம் எத்தனை முறை சொல்லியிருப்பீர்கள்? கோழிக்கழிவைப் பார்த்து அவளுக்குக் கோபம் வருவதற்கு நீங்களும் ஒரு காரணம். எனக்கு இதில் சந்தேகமே இல்லை.

என் சொந்தக் கதை ஒன்று சொல்கிறேன். 1991இல் புதுக்கோட்டை மாவட்டத்தில் அறிவொளி இயக்கம் வந்தபோது எனக்கு 17 வயது. எழுதப் படிக்கத் தெரியாதவர்களுக்குச் சம்பளம் வாங்காமல் சொல்லிக்கொடுக்கத் தொண்டர்கள் ஆயிரக்கணக்கில் தேவைப்பட்டார்கள். நானும் பெயர் கொடுத்தேன். கல்குவாரியில் வேலை பார்க்கிற பெண்கள் பொழுது சாய்ந்துதான் வருவார்கள். எட்டு மணிக்குத் தொடங்கினால் முடிய ஒன்பதரை ஆகிவிடும். எங்கள் தெருவில் என் அப்பாவிடம் கேட்காத ஆள் இல்லை: "வயசுப் பிள்ளையை ராத்திரியில எங்க அனுப்புறீங்க?" அப்பா கூட்டுறவு வங்கியில் எழுத்தர். அதிகம் பேச மாட்டார். என்னைப் பாராட்டி ஒரு வார்த்தை சொன்னதில்லை. தினமும் ஏழே முக்காலுக்கு டார்ச் லைட்டை எடுத்துக்கொண்டு வாசலில் வந்து நிற்பார். வகுப்பு நடந்த வீட்டின் திண்ணையில் உட்கார்ந்து அன்றைய பேப்பரை மறுபடி முதலில் இருந்து வாசிப்பார். முடிந்ததும் முன்னால் வெளிச்சம் அடித்துக்கொண்டே நடப்பார். கணக்குப் பரீட்சைக்கு முந்தின நாள் மட்டும், "இன்னைக்கு ஒன்பதுக்கே முடிச்சிரு" என்றார். முடித்தேன்.

அங்கே ஓர் அம்மாவுக்கு வயது ஐம்பது இருக்கும். கல் உடைத்துக் காய்த்த விரல்கள், பென்சிலைப் பிடித்தால் நிற்காது. மூன்று வாரம் கழித்து ஒரு நாள் தன் பெயரைச் சிலேட்டில் எழுதி முடித்தவர், என்னிடம் காட்டவில்லை. நேரே வெளியே போய்த் திண்ணையில் இருந்த அப்பாவிடம் நீட்டினார். அப்பா எழுந்து நின்று இரண்டு கையாலும் வாங்கிப் பார்த்தார். அந்த மாவட்டத்தில் பெண்கள் கூட்டம் கூட்டமாகச் சைக்கிள் பழகியதும் அந்தக் காலத்தில்தான். பார் வைத்த ஆண்கள் சைக்கிளில் சேலையை இழுத்துச் செருகிக்கொண்டு பழகினார்கள். நான் இன்றைக்கு இந்தத் தொழிலில் இருப்பதற்கு அந்த ஒரு வருடமே காரணம். அப்பா திண்ணையில் இருந்திராவிட்டால் அந்த வருடம் எனக்கு இல்லை.

தடுப்பதா விடுவதா என்று கேட்டிருக்கிறீர்கள். என் அப்பா தடுக்கவும் இல்லை, என் பாட்டுக்கு விட்டுவிடவும் இல்லை. கூட வந்தார். உங்களிடமும் அதைத்தான் கேட்கிறேன்.

உங்கள் பயத்தை நான் லேசாக எடுத்துக்கொள்ளவில்லை. கிராமத்தில் செல்வாக்குள்ள ஆள் டீக்கடையில் வைத்துச் சொல்வது சும்மா சொல்வது ஆகாது. தகவல் கேட்டதற்காக, மண் அள்ளுவதை எதிர்த்ததற்காக நம் நாட்டில் ஆட்கள் தாக்கப்பட்டிருக்கிறார்கள், உயிரையும் இழந்திருக்கிறார்கள். குற்ற வழக்கு இருந்தால் அரசு வேலைக்கான காவல் துறை சரிபார்ப்பில் அது கேள்வியாக வரும் என்பதும் உண்மை. இதையெல்லாம் மறைக்காமல் அவளிடம் பேசுங்கள். கத்தினால் அவள் காதில் ஏறாது. "எனக்குப் பயமா இருக்கும்மா, என்ன பயம்னு சொல்றேன்" என்று உட்கார்ந்து சொன்னால் கேட்பாள். அப்பா பயப்படுகிறார் என்று தெரிந்தால் மரியாதை போய்விடும் என்று ஆண்கள் நினைக்கிறீர்கள். நான் பார்த்த வரையில் பிள்ளைகள் அதற்குப் பிறகுதான் நெருங்கி வருகிறார்கள்.

அப்படிப் பேசும்போது சில விஷயங்களில் நீங்கள் கறாராகவே இருக்கலாம். ராத்திரியில் ஒளிந்திருந்து படம் பிடிக்கிற வேலை வேண்டாம். எங்கே போனாலும் தனியாகப் போகக் கூடாது. எவர் பெயரையும், கடைப் பெயரையும் கையில் காகிதம் இல்லாமல் வெளியே போடக் கூடாது. அந்த வீடியோவில் பெயர்ப்பலகை தெரிந்தது தவறுதான். கழிவு அந்தக் கடையில் இருந்துதான் வந்தது என்று அவளால் நிரூபிக்க முடியாது என்றால் அதை எடுத்துவிட்டு, பலகை தெரியாத படத்தைப் போடச் சொல்லுங்கள். சாலை மறியல், அனுமதி இல்லாத கூட்டம் என்று யாராவது கூப்பிட்டால் போவதற்கு முன்னால் உங்களிடம் சொல்லட்டும். லாரியில் மண் ஏற்றுகிற இடமாக இருந்தால் அந்தப் பக்கமே போக வேண்டாம். அதற்குத் தாசில்தாருக்குத் தபால் போதும். நீங்கள் அரசுத் துறை நிறுவனத்தில் வேலை பார்ப்பதால் மனுக்களில் உங்கள் பெயர் வராமல் பார்த்துக்கொள்ளுங்கள். அவள் பெயரிலேயே, முடிந்தால் ஏழு பேர் பெயரிலும் போகட்டும். ஒரே பெயரில் போகிற மனுவை மிரட்டுவது எளிது. ஏழு கையெழுத்தும் நாலைந்து பெரியவர்கள் கையெழுத்தும் இருந்தால் யாரை மிரட்டுவது?

இனி வேலைக்கு வருவோம். இளம் பிள்ளைகளின் வேகத்தை ஊக்குவிப்பது என்றால் முதுகில் தட்டிக்கொடுப்பது என்று பலர் நினைக்கிறார்கள். பாராட்டு ஒரு வாரம் தாங்கும். தொழில் தெரிந்தால் பத்து வருடம் தாங்குவார்கள். ஒரு காரியத்தை அரசு இயந்திரத்துக்குள் எப்படி நகர்த்துவது என்பது ஒரு தொழில். மின்வாரியத்தில் ஒரு மின்மாற்றி கேட்டு மனு வந்தால் அது எந்தெந்த மேசைக்குப் போகும், எந்த மேசையில் தூங்கும் என்று உங்களுக்குத் தெரியும். அவளுக்குத் தெரியாது. இதை அவளுக்குக் கற்றுக்கொடுக்க உங்களைவிடத் தகுதியான ஆள் அந்த வீட்டில் கிடையாது.

முதல் கேள்வி: கண்மாய் யாருடையது? தமிழ்நாட்டில் சுமார் 39,000 ஏரி, கண்மாய்கள் இருக்கின்றன. ஆயக்கட்டு, அதாவது கண்மாய்த் தண்ணீர் பாய்கிற நிலம், 40 ஹெக்டேருக்கு, அதாவது சுமார் 100 ஏக்கருக்கு மேல் இருந்தால் பொதுவாக நீர்வளத் துறையின் பொறுப்பு. அதற்குக் கீழே என்றால் ஊராட்சி ஒன்றியம். அவள் மனு கொடுத்தது ஊராட்சி அலுவலகத்தில். கண்மாய் நீர்வளத் துறையுடையதாக இருந்தால், ஊராட்சிச் செயலர் அந்த மனுவை வைத்துக்கொண்டு என்ன செய்வார்? ஒரு வருட அலைச்சலில் பாதி இப்படித் தப்பான வாசலில் போயிருக்கலாம். கிராம நிர்வாக அலுவலரிடம் போய் ஆயக்கட்டு எவ்வளவு, சர்வே எண் என்ன என்று கேட்டு எழுதிக்கொண்டு வரட்டும்.

அடுத்தது தகவல் அறியும் உரிமைச் சட்டம், 2005. வெள்ளைத்தாளில் பொதுத் தகவல் அலுவலருக்கு எழுதி, பத்து ரூபாய் கோர்ட் ஸ்டாம்ப் ஒட்டி, விரைவுத் தபாலில் (ஸ்பீட் போஸ்ட்) அனுப்பினால் போதும். 30 நாளுக்குள் பதில் வர வேண்டும். எதற்காகக் கேட்கிறாய் என்று அவர்கள் கேட்கக் கூடாது, சட்டத்திலேயே அப்படி இருக்கிறது. பதில் வராவிட்டால் அடுத்த 30 நாளுக்குள் முதல் மேல்முறையீடு. அதிலும் நடக்காவிட்டால் 90 நாளுக்குள் மாநிலத் தகவல் ஆணையம். கேள்விகள் சின்னதாக இருக்கட்டும். 'ஏன் நடவடிக்கை எடுக்கவில்லை' என்று கேட்டால் பதில் வராது. 'இன்ன தேதியில் நான் கொடுத்த மனுவின் மீது எடுத்த நடவடிக்கையின் நகல் தருக' என்றால் ஏதாவது ஒரு காகிதம் வந்தாக வேண்டும். அந்தக் காகிதம் கைக்கு வந்தால் அவள் நிற்கிற நிலையே மாறிவிடும்.

பிறகு கிராம சபை. முன்பு வருடத்துக்கு நான்காக இருந்தது. 2022இல் இருந்து ஆறு: ஜனவரி 26, மார்ச் 22, மே 1, ஆகஸ்ட் 15, அக்டோபர் 2, நவம்பர் 1. மார்ச் 22 உலகத் தண்ணீர் தினம், கண்மாய்ப் பேச்சுக்கு அதைவிடப் பொருத்தமான நாள் இல்லை. கிராம சபையில் உறுப்பினர் ஆவதற்கு ஊர் வாக்காளர் பட்டியலில் பெயர் இருக்க வேண்டும். உங்கள் மகளுக்கு 19 வயது. பெயர் சேர்த்துவிட்டீர்களா? இல்லை என்றால் இந்த வாரமே படிவம் 6 கொடுங்கள். அவள் எழுந்து பேசி, அது தீர்மானப் புத்தகத்தில் ஏறி, கீழே கையெழுத்தும் விழுந்துவிட்டால், டீக்கடையில் பேசுகிறவருக்கும் சொல்ல ஒன்றும் இருக்காது. அவள் பேசுகிற அன்றைக்கு நீங்கள் கடைசி வரிசையில் உட்கார்ந்திருங்கள். பேச வேண்டாம், இருந்தால் போதும்.

கோழிக்கடைக்காரர்களோடும் அவர்கள் பேசிப் பார்க்க வேண்டும். இதைச் சொன்னால் இளைஞர்களுக்குக் கோபம் வரும், குற்றவாளியோடு என்ன பேச்சு என்பார்கள். ஆனால் தினமும் மிஞ்சுகிற கழிவை எங்கே போடுவது என்ற கேள்விக்கு அந்தக் கடைக்காரரிடம் விடை இருக்கிறதா? கழிவை எடுத்துப்போக வண்டி வருகிறதா, குழி வெட்ட இடம் உண்டா? இதைக் கேட்டுத் தெரிந்துகொண்டு மனு எழுதினால் அந்த மனுவின் எடையே வேறு. போகும்போது பெரியவர் ஒருவரைக் கூட அழைத்துப் போகட்டும்.

கல்லூரியில் நாட்டு நலப்பணித் திட்டம் இருக்கும். 1969இல் தொடங்கியது, வருடத்துக்கு 120 மணி நேரப் பணி, ஏழு நாள் சிறப்பு முகாம். அந்தத் திட்ட அலுவலரிடம் பேசி முகாமை உங்கள் ஊருக்குக் கொண்டுவர முடிந்தால், ஏழு பேரின் வேலை ஒரு கல்லூரியின் வேலையாகிவிடும். ஒரே ஒரு எச்சரிக்கை. இப்படிப்பட்ட முகாம்களில் சீமைக்கருவேலத்தை வெட்டிப் படம் எடுத்துக்கொண்டு போய்விடுவார்கள். வேரோடு எடுக்காவிட்டால் அடிக்கட்டை மறுபடி துளிர்த்துவிடும். தாவரவியல் மாணவிக்கு நான் சொல்ல வேண்டியதில்லை.

படம் என்றதும் ஒன்று ஞாபகம் வருகிறது. ரோஜர் ஹார்ட் என்பவர் 1992இல் யுனிசெஃப் அமைப்புக்காகக் குழந்தைகளின் பங்கேற்பை எட்டுப் படி ஏணியாக வரைந்து காட்டினார். கீழே இருக்கிற மூன்று படிகளைப் பங்கேற்பு என்றே அவர் கணக்கில் சேர்க்கவில்லை: பிள்ளைகளை ஆட்டுவிப்பது, அலங்காரமாக நிறுத்துவது, பேருக்கு உட்கார வைப்பது. வெயிலில் பள்ளிப் பிள்ளைகளை வரிசையாக நிறுத்தி, யாரோ எழுதிய வாசகத்தைக் கையில் கொடுத்து ஊர்வலம் விடுகிறோமே, அதெல்லாம் அந்தக் கீழ்ப்படிகளில்தான் வரும். எனக்கு அதைப் பார்த்தால் வயிறு எரியும். மேல் படிகளில் பிள்ளைகளே யோசித்து, தாங்களே முடிவெடுத்து, பெரியவர்களைத் துணைக்குச் சேர்த்துக்கொள்கிறார்கள். உங்கள் மகள் யாரும் சொல்லாமலே அந்த மேல்படியில்தான் தொடங்கியிருக்கிறாள். நாளைக்கு அவள் பெயர் கொஞ்சம் வெளியே தெரிந்தால் மேடைக்குக் கூப்பிடுவார்கள், சால்வை போடுவார்கள், துண்டறிக்கையில் படம் போடுவார்கள். தன் வேலையை யார் நடத்துகிறார்கள் என்பதில் அவள் கவனமாக இருக்கட்டும். நீங்களும் கவனமாக இருங்கள் ஐயா. கூட நிற்கிறேன் என்று போய், மனுவை நீங்களே எழுதி, அதிகாரியிடம் நீங்களே பேசி முடித்துவிட்டால் அது உங்கள் வேலையாகிவிடும். தப்பும் தவறுமாக அவளே எழுதட்டும். கேட்டால் திருத்திக் கொடுங்கள்.

படிப்பு? அரியர் விழுந்தால் யாரும் அவள் பேச்சைக் கேட்க மாட்டார்கள் என்று அவளுக்கே தெரியும். செமஸ்டருக்கு ஒரு மாதம் முன்னால் மற்ற ஆறு பேரிடம் வேலையைப் பிரித்துக் கொடுக்கும்படி சொல்லுங்கள். ஓய்ந்துபோவதுதான் இன்னும் பெரிய சிக்கல். தினமும் அந்த நாற்றத்தையும், பதில் இல்லாத மனுக்களையும், இன்ஸ்டாகிராமில் வருகிற வசவுகளையும் சுமக்கிற பிள்ளைக்கு ஒரு கட்டத்தில் தூக்கம் கெடும், எதிலும் மனம் ஒட்டாது. இப்போது நின்றபடி சாப்பிடுவதுகூட உங்கள் மேல் உள்ள கோபம் மட்டும்தானா என்று தெரியாது. பசி, தூக்கம் இரண்டும் இன்னும் இரண்டு வாரத்தில் சீராகாவிட்டால் கல்லூரி ஆலோசகரையோ மருத்துவரையோ பார்க்க வேண்டும்.

மாப்பிள்ளை விஷயம். உங்கள் அம்மா அக்கறையில்தான் சொல்கிறார். ஆனால் அவள் இடத்தில் ஒரு மகன் இருந்து, அவனும் இதே வீடியோவைப் போட்டிருந்தால் பெண் பார்க்கச் சொல்லியிருப்பாரா? புதுக்கோட்டையில் 1886இல் பிறந்த முத்துலட்சுமி வயதுக்கு வந்ததும் பள்ளிக்கூடத்தை விட்டு நிற்க வேண்டி வந்தது. அம்மாவுக்கு மாப்பிள்ளை பார்க்கும் யோசனை. அப்பா நாராயணசாமி ஐயரோ மகள் படிப்பின் பக்கம் நின்றார். வீட்டிலேயே பாடம் தொடர்ந்தது. ஆண்கள் படிக்கிற மகாராஜா கல்லூரியில் அவரைச் சேர்க்கக் கூடாது என்று எதிர்ப்பு வந்தபோது மன்னரே சேர்த்துக்கொள்ளச் சொன்னார். 1912இல் மருத்துவப் பட்டம் வாங்கிய அந்தப் பெண்தான் தேவதாசி முறையை ஒழிக்கப் போராடியவர், 1930இல் அவ்வை இல்லத்தையும் 1954இல் அடையாறு புற்றுநோய் மருத்துவமனையையும் தொடங்கியவர். அப்பத்தாவுக்கு இந்தக் கதையை நீங்களே சொல்லுங்கள்.

இதெல்லாம் செய்தும் கண்மாய் சுத்தமாகாமல் போகலாம். அந்த நாள் வந்தால் "நான் அப்பவே சொன்னேன்ல" என்ற வார்த்தை மட்டும் உங்கள் வாயில் இருந்து வரக் கூடாது. அன்றைக்கு ராத்திரி சாப்பாட்டை எடுத்து வைத்து, பக்கத்தில் உட்கார்ந்து, அடுத்து எந்த மேசைக்கு எழுதலாம் என்று கேளுங்கள்.

இன்றைக்கு என்ன செய்வது? போனைக் கொடுக்கும்போது, "நான் கத்தினது தப்பு. ஊர் திருந்தாதுன்னு சொன்னதும் தப்பு" என்று சொல்லிவிடுங்கள். உடனே பேசுவாள் என்று எதிர்பார்க்க வேண்டாம், இரண்டு நாள் ஆகட்டும். ஞாயிற்றுக்கிழமை வெயில் ஏறும் முன்னால், "கண்மாயை எனக்குக் காட்டு" என்று அவளைக் கூப்பிடுங்கள். அவள் எங்கெல்லாம் மூட்டை கிடக்கிறது என்று காட்டட்டும். காட்டி முடித்த பிறகு, மிஞ்சிய தண்ணீர் வழிந்து போகிற கலுங்கு வரைக்கும் நடந்து போங்கள். மழைக்காலத்தில் தண்ணீர் எந்த வரத்துக்கால் வழியாக வந்தது, எந்த மடையைத் திறந்தால் யார் வயலுக்குப் பாய்ந்தது, நீங்கள் எந்த இடத்தில் இருந்து குதித்தீர்கள் என்பதெல்லாம் அவளுக்குத் தெரியாது. அதை நீங்கள் அவளுக்குச் சொல்லுங்கள். கையில் ஒரு நோட்டு கொண்டு வந்திருப்பாள், எழுதிக்கொள்வாள்.